சகலை குனிந்து பார்க்காத வண்டி

என் கல்யாணத்தன்று என்னையும் என் மனைவியையும் நடுத்தெருவில் இருபது நிமிஷம் நிற்க வைத்தவர் என் சகலை. புது மணமக்கள் காரில் ஏறப் போகிறோம், ஊரே கூடி நிற்கிறது, அந்த நேரம் பார்த்து "இருங்க" என்று கையைக் காட்டினார். வண்டிக்குக் கட்டியிருந்த பூச்சரம் நம்பர் பிளேட்டின் கடைசி இரண்டு எண்களை மறைத்துவிட்டதாம். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, சரத்தை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டினார். பிறகு நாலடி பின்னால் போய் நின்று நம்பரை வாய்விட்டுப் படித்தார். "இப்ப போகலாம்" என்றார். அன்றைக்கே எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போயிற்று. பதினைந்து வருஷமாக அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள அவர் எனக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்கவில்லை.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். வண்டி ஆய்வு அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர். நானோ கார்களுக்கு பைபர் பாகங்கள் செய்து மாட்டுகிறவன். பம்பர், பானெட், மட்கார்டு என்று எது கேட்டாலும் கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, ரெசின் பசை தடவி, உருளை ஓட்டிக் காற்றுக் குமிழை விரட்டி, காய்ந்ததும் உரித்து எடுப்பேன். சாதாரண வண்டி என் பட்டறைக்குள் நுழைந்தால் வெளியே வரும்போது பந்தயத்துக்குப் போகிற முகத்தோடு வரும். அந்த முகத்தோடு அது வருஷ ஆய்வுக்குப் போய் நிற்க வேண்டிய இடம் என் சகலையின் இரண்டாம் வரிசை. பெண் கொடுத்த வீட்டார் என்ன பாவம் செய்தார்களோ, எங்கள் இருவரையும் ஒரே வீட்டு மாப்பிள்ளைகளாக்கிக் கொண்டார்கள்.

அலுவலகத்தில் அவருக்கு 'காந்தம்' என்று பெயர். எரிந்துபோன ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்று அதற்கு ஓர் உறை; மகளின் குழந்தைப் பருவத்து மஞ்சள் காலுறை. வண்டியின் உடம்பில் அதை வைப்பார். ஒட்டினால் இரும்பு. நழுவினால் பைபர். நழுவிய மாத்திரத்தில் அவர் முகத்தில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரியும்.

அதோடு விட மாட்டார். தரையில் ஒரு சாக்கை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துவிடுவார். அவர் தேடுவது பீம். பம்பருக்குப் பின்னால் குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. இடித்தால் அடியை வாங்குவது அதுதான். வெளியே தெரிகிற பம்பர் வெறும் முகமூடி. என் அழகான பம்பர்கள் உள்வாங்கி உட்கார வேண்டுமென்றால் அந்தச் சட்டம் இடிக்கும். கழற்றிவிடுவேன். தொழிலில் எல்லாரும் செய்வதுதான், நான் என்ன புதிதாகக் கண்டுபிடித்தேனா? கழற்றிய பீம்களைப் பட்டறையின் பின்சுவரில் சாய்த்து வைப்பது வழக்கம்.

ஒன்பது வருஷத்தில் என் வண்டிகள் பதினொன்றைத் திருப்பி அனுப்பினார். அத்தனைக்கும் சுவரிலிருந்த பீமை எடுத்து மறுபடி மாட்டித்தான் பாஸ் வாங்கினேன். ஒவ்வொரு முறையும், முந்தின வாரம்தான் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போன மனிதர், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு "வண்டி ஓனர் யாரு? நீங்க யாரு?" என்று கேட்பார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா சகலை?"

"வீட்ல தெரியும். இங்க தெரியாது."

"பைபர் போட்டா என்ன கொலைக் குத்தமா?"

"பைபர் குத்தமே இல்லைங்க. சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளிய நீட்டக் கூடாது. ஓரம் கத்தி மாதிரி இருக்கக் கூடாது. பீம் உள்ள இருக்கணும். மாத்தினதைப் பதிவுப் புத்தகத்துல எழுதி வாங்கணும். இதை உங்களுக்கு ஏழாவது தடவையா சொல்றேன்."

எண்ணி வைத்திருக்கிறார்! அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் முன்கதையையும் சொல்லிவிடுகிறேன். பஸ் கண்டக்டர் மகன். ஆறு வருஷம் ஒரு பட்டறையில் நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற வேலை பார்த்தார். மூன்றாவது முயற்சியில் அரசாங்கப் பரீட்சையில் தேறி இன்ஸ்பெக்டர் ஆனார். இருபத்திரண்டு வருஷமாக அதே இரண்டாம் வரிசை, அதே சாக்கு. அவருடைய ஆள் யாரோ விபத்தில் செத்திருக்க வேண்டும், அதனால்தான் இப்படிக் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறார் என்று மெக்கானிக்குகளுக்குள் ஒரு கதை உலவியது. அந்தக் கதை உண்மையாக இருந்தால் கொஞ்சம் மன்னிக்கலாம் என்று நினைத்து நானே கேட்டேன். "யாரும் சாகலையே" என்றார் ஆச்சரியமாக. "சாகக் கூடாதுன்னுதானே பாக்கறோம்?" மன்னிப்பதற்கு இருந்த அந்த ஒரு காரணமும் போயிற்று.

வீட்டிலும் அப்படித்தான். விருந்துக்குக் கூப்பிட்டால் நேரே சமையலறைக்குப் போய் கேஸ் ட்யூபைத் திருப்பி அதில் அச்சடித்த தேதியைப் படிப்பார். "முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு" என்று அடுப்பை அணைத்துவிட்டார் ஒரு முறை. அரைவேக்காட்டுக் கோழியை முன்னால் வைத்துக்கொண்டு, புது ட்யூப் வாங்கி வரும்வரை இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. என் மாமியார் வாயைத் திறக்கவில்லை. மூத்த மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டில் தனி மரியாதை.

இந்த நிலையில்தான் பல் டாக்டர் அம்மா வந்தார். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைக் குடைந்த களைப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுகிறவர். அப்படி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கார் கிளப். பட்டறை அப்போது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. என் வேலை ஆய்வில் நிற்காது என்று ஊர் முழுக்கப் பேச்சு. "என் வண்டி பாஸாகட்டும், கிளப்ல மத்த ஆறு பேரும் உங்ககிட்டதான்" என்றார் டாக்டர். பாஸாகவில்லை என்றால் பட்டறையை மூடிவிட்டு வேறு யாரிடமாவது போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான். என் மனைவியிடம் அப்படியே சொன்னேன்.

ஒரு வாரம் இரண்டாம் வரிசைக்கு எதிரே உள்ள பெஞ்சில் போய் உட்கார்ந்து என் சகலையைக் கவனித்தேன். பல் விளக்குகிற மாதிரி, மனிதர் தினமும் ஒரே வரிசையில்தான் வேலை செய்கிறார். காந்தம் முதலில் இடது மட்கார்டில், சக்கரத்துக்கு நேர் மேலே. அடுத்து பானெட்டில், கண்ணாடிக்கு ஒரு சாண் கீழே. கடைசியாக பம்பரின் வலது மூலை. இந்த மூன்றும்தான், வேறு இடமில்லை. இருபத்திரண்டு வருஷ ஒழுங்கு! அந்த ஒழுங்கை வைத்தே அவர் மூக்கை அறுப்பதென்று முடிவு கட்டினேன்.

பெயிண்ட் டப்பா மூடிகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டித் தட்டினேன். டாக்டர் வண்டிக்கான பாகங்களை வார்க்கும்போது அந்த மூன்று இடத்திலும் இரண்டு அடுக்குப் பாய்க்கு நடுவில் தகரத்தை வைத்து ரெசின் ஊற்றி மூடினேன். மேலே பெயிண்ட் அடித்தபின் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பீமைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். அடியில் அவர் டார்ச் அடித்தால் தெரியாமலிருக்க ஒரு கறுப்புத் தகட்டை வளைத்து மாட்டினேன். அந்தத் தகடு மட்டும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நன்றாகப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது பீம் இல்லை.

ஆய்வு நாள் வந்தது. இடது மட்கார்டில் காந்தம் ஒட்டியது. பானெட்டில் ஒட்டியது. பம்பர் மூலையிலும் ஒட்டியது. கையை எடுக்காமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மடித்து வைத்திருந்த சாக்கைப் பார்த்தார். அதை எடுக்கவில்லை. குனியவில்லை. மேஜைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுச் சீட்டை என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காந்தம் ஒட்டிய குழப்பத்தில் குனியக்கூட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தெருமுனை தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாள் வேறு இல்லை.

சொன்னபடி கிளப்பின் ஆறு வண்டிகளும் வந்தன. அவற்றின் ஆய்வுக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. முதலில் மாட்டிக் கொடுங்கள் என்றார்கள், மாட்டிக் கொடுத்தேன். பின்சுவரில் ஏழு பீம்கள் சாய்ந்தன.

மூன்றாவது மாதம், டாக்டர் அம்மா தன் ஆஸ்பத்திரி கேட்டுத் தூணில் நடக்கிற வேகத்தில் வண்டியை முட்டினார். பீம் இருந்திருந்தால் ஒரு கீறலோடு போயிருக்கும். பம்பர் அப்பளமாக நொறுங்கி, ரேடியேட்டர் உள்ளே போய், தண்ணீர் தெருவில் ஓடியது. நொறுங்கலுக்கு நடுவே 'வெள்ளை எனாமல்' என்று எழுதிய தகரத் துண்டு ஒன்று கிடந்தது. இன்ஷூரன்ஸ் ஆள் அதை எடுத்து, "இது என்னங்க டாக்டர்?" என்று கேட்டாராம். "பல்லா இருந்தா சொல்லுவேன். இது எனக்கென்ன தெரியும்?" என்றாராம் அவர். பிறகு எனக்குப் போன் செய்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஆய்வுச் சீட்டில் யார் கையெழுத்து என்று பார்த்தார்கள். பட்டறைக்காரனும் இன்ஸ்பெக்டரும் சகலைகள் என்று தெரிய அரை நாள்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் கூட்டு என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணைக்கு நாள் குறித்தார்கள். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

கார் கிளப்பில் ஒரு வக்கீல் உண்டு. "ரொம்ப சுலபம்" என்றார் அவர். "இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் தெரியும், அவர்தான் வழி சொல்லிக் கொடுத்தார்னு சொல்லிடுங்க. பழி ஆபீஸ் மேல போயிடும். உங்க பட்டறை தப்பிச்சுக்கும்."

நாலு நாள் யோசித்தேன். மறைப்பானேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும், பதினைந்து வருஷக் கோபம் தீர்ந்துவிடும். பட்டறையும் பிழைக்கும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஆளை நான் ஏமாற்றியிருக்கிறேன்! ஊரில் எவனாலும் முடியாததை மூன்று தகரத் துண்டில் செய்திருக்கிறேன். 'அவருக்கு முன்னமே தெரியும்' என்று நானே சொல்லி அந்தப் பெருமையை விட்டுக்கொடுப்பேனா? பட்டறை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, சுழலும்போதெல்லாம் முனகுகிற மின்விசிறி. அதிகாரி ஒரு பெண்மணி, காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதவர். ஜன்னலோரம் என் சகலை உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை தட்டையாக இருந்தது. காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

"இந்த ஏமாத்து வேலை இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க மேடம்" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். "முழுக்க என் வேலை. அவர் எந்தெந்த இடத்துல காந்தம் வைப்பார்னு ஒரு வாரம் பாத்து வச்சுக்கிட்டு அங்க மட்டும் தகரம் வச்சேன். அவர் ஏமாந்துட்டார்." கடைசி வார்த்தையை அவரைப் பார்த்தே சொன்னேன்.

அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்தார். என் சகலையின் பக்கம் திரும்பினார். "அப்படித்தானா? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையை ஆட்டினாலே போதும். கவனக்குறைவு என்று எழுதி ஒரு எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள். நான்தான் பழியை என் தலையில் போட்டுக்கொண்டு வழியைத் திறந்து வைத்திருக்கிறேனே!

"தெரியும்" என்றார் என் சகலை.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"மூணு இடத்துலயும் ஒட்டுச்சு. ஒரு இஞ்சு தள்ளி வச்சுப் பாத்தேன், நழுவுச்சு. இவர் பீமையும் எடுத்திருப்பார்னு தெரியும். குனிஞ்சு பாத்தா வண்டியைப் பெயில் பண்ணியாகணும். அதனால குனியலை."

"ஏன்?" என்று அதிகாரி கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. மூன்று முறை கேட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் அவரை மறித்துக்கொண்டு கத்தினேன். "உங்களுக்குப் பைத்தியமா சகலை? தெரியாதுன்னு சொல்லித் தொலைச்சா என்ன?"

"கேட்டாங்க. சொன்னேன்." படியில் ஒரு காலை வைத்தவர் நின்றார். "மத்தது எத்தனை?"

"எது?"

"பீம் எடுத்த வண்டி."

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் சொல்லிவிட்டது. "டாக்டரோடதைச் சேத்து ஏழு."

"ஏழு" என்று திருப்பிச் சொன்னார். "அதை உள்ள யாரும் கேக்கலை." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு நடந்ததைச் சொன்னேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடித்த சட்டையையே மறுபடி உதறினாள்.

"நான்தாங்க அக்காகிட்ட சொன்னேன்" என்றாள். "பட்டறையை மூடப் போறார்னு அழுதேன். இந்த ஒரு வண்டியை மட்டும் அத்தானை விட்டுடச் சொல்லுன்னு கேட்டேன். முடியாதுன்னுதான் சொன்னாராம். அக்கா மூணு நாள் பேசாம இருந்திருக்கா."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. ஏமாந்தது நான். என்னைக் கண்டாலே ஆகாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தப்பு செய்திருக்கிறார், அதை எனக்காகச் செய்திருக்கிறார். அவமானமாக இருந்தது. அவர் மேல் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

அவரை ஆய்வு வேலையிலிருந்து எடுத்து, பழைய பதிவுப் புத்தகங்கள் அடுக்கி வைக்கிற அறைக்கு அனுப்பினார்கள். பதவியில் இரண்டு படி கீழே. எனக்கு ஆறு மாதம் புதிதாக எதுவும் வார்க்கக் கூடாது என்று உத்தரவு, பழுது பார்க்கலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் பட்டறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, உட்காரவில்லை, தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை. பின்சுவரைப் பார்த்தார். "ஏழு" என்றார். போய்விட்டார். அடுத்த செவ்வாயும் வந்தார். "ஏழு." எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வேலை போயும் இந்த ஆள் என்னைச் சோதிப்பதை விடவில்லையே! அந்தக் கோபத்திலேயே கிளப்காரர்களுக்குப் போன் போட்டேன். பீமை மாட்டினால் பம்பர் இரண்டு விரல் முன்னால் துருத்தும், அசிங்கமாக இருக்கும் என்று அழுதார்கள். "அசிங்கமா இருந்தாலும் உயிரோட இருப்பீங்க, வண்டியைக் கொண்டாங்க" என்று கத்தினேன். பம்பரின் உள்பக்கத்தை அறுத்து, இடம் செய்து, ஒவ்வொன்றாக மாட்டினேன். ஐந்து. மூன்று. இரண்டு. செவ்வாய்க்குச் செவ்வாய் வாசலிலிருந்து எண்ணிவிட்டுப் போனார்.

கடைசியில் ஒன்று நின்றது. டாக்டர் அம்மாவுடையது. அவர் என் முகத்தில் விழிப்பதாக இல்லை. வேறு பட்டறையில் புதுப் பம்பர் மாட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். மேலே பார்த்தால் புது வண்டி. உள்ளே பீம் இல்லை; அது என் சுவரில் இருக்கிறதே. அந்தப் பட்டறைக்காரன் எடுத்துச் சொல்லவில்லை. நான் போன் செய்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

"ஒண்ணு" என்றார் என் சகலை, போன செவ்வாய்க்கிழமை.

"எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று கத்தினேன். "அந்தம்மா கேட்டுக்குள்ளயே விட மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்? நீங்கதான் இப்ப இன்ஸ்பெக்டரும் இல்லையே, உங்களுக்கென்ன வந்தது?"

வழக்கம்போலத் திரும்பிப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. பழைய புத்தகத் தூசி படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷத்துல நான் குனிஞ்சு பாக்காத வண்டி அது ஒண்ணுதான் சகலை" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரோட்டுல எங்கயாவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா அந்த வண்டியாத்தான் இருக்கும்னு தோணுது. தூக்கம் வர்றதில்லை."

அவர் போனபிறகு பீமைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். வண்டிகளை நிறுத்துகிற பெரிய கேட்டில் என்னை விட மாட்டார்கள் என்பதால் நோயாளிகள் வாசல் வழியாக நுழைந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் வலியை மறந்து என்னைப் பார்த்தார்கள். வரவேற்பு மேஜையிலிருந்த பெண் பதறி எழுந்தாள்.

"உங்களை உள்ள விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"பல் வலி" என்றேன். "டோக்கன் குடும்மா."

பீமை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மனசுக்குள் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தபடி, என் நம்பரைக் கூப்பிடக் காத்திருந்தேன்.